குவார்ட்டர்பேக் விழுந்தால் அடுத்து யார்? அமெரிக்கன் ஃபுட்பாலில் மாற்று ஆட்டக்காரர்கள் உருவாகும் விதம்

2017 டிசம்பர் 10 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த ஆட்டத்தில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸுக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அந்த சீசனில் அவர் 33 டச்டவுன் பாஸ், அதாவது எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் புள்ளி சேர்க்கும் எறிவுகள், எறிந்திருந்தார். லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான் என்று பலரும் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அவருடைய இடத்தில் நிக் ஃபோல்ஸ் இறங்கினார். எட்டு வாரம் கழித்து, 2018 பிப்ரவரி 4 அன்று, நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை 41-33 என்று தோற்கடித்து ஈகிள்ஸ் தன் முதல் சூப்பர் பவுலை, அதாவது லீக்கின் இறுதி ஆட்டத்தை, வென்றது. அந்த ஆட்டத்தின் நாயகன் விருது ஃபோல்ஸுக்குக் கிடைத்தது.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டுதான். ஆனால் அந்த அணி அந்த வருடம் இழந்தது குவார்ட்டர்பேக்கை மட்டுமல்ல. குவார்ட்டர்பேக்கைக் காக்கும் இடது டேக்கிள், தடுப்பாட்டத்தின் நடு லைன்பேக்கர், பந்தோடு ஓடும் அனுபவமுள்ள ஒரு ரன்னிங் பேக், பந்தை உதைக்கும் கிக்கர் என்று வரிசையாகப் போனார்கள். ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவர் வந்து நின்றார், ஆட்டம் நிற்கவில்லை. இத்தனை இடத்திலும் அதிர்ஷ்டம் மட்டுமே கைகொடுத்தது என்றால் நம்ப முடியவில்லை. அணியின் இந்த பலத்தைத்தான் அமெரிக்காவில் 'டெப்த்' என்கிறார்கள். அது எப்படி உருவாகிறது என்பதை, அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். ஆட்டங்களை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. களத்தில் ஓர் அணிக்கு 11 பேர். ஆனால் பந்தை முன்னேற்றுவது ஒரு 11 பேர், எதிரணியைத் தடுப்பது வேறு 11 பேர். பந்தை உதைக்கிற தருணங்களில் மூன்றாவதாக ஒரு குழு இறங்கும். அதுதான் ஸ்பெஷல் டீம்ஸ். ஆட்டக்காரர்களை மாற்றுவதற்குக் கணக்கு வழக்கே கிடையாது. ஒவ்வொரு பிளேவுக்கும் (பந்து ஒருமுறை ஆட்டத்துக்கு வந்து நிற்பதுவரை ஒரு பிளே) எத்தனை பேரை வேண்டுமானாலும் மாற்றலாம், வெளியே போனவர் அடுத்த பிளேவிலேயே திரும்பி வரலாம். கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆள் பெரும்பாலும் ஃபீல்டிங்தான் செய்வார். இங்கே மாற்று ஆள் உள்ளே போனால் அசல் ஆள் செய்கிற எல்லா வேலையையும் அதே வேகத்தில் செய்தாக வேண்டும். எதிரணியும் அவரைத்தான் குறிவைக்கும்.

ஆட்டத்தின் முரட்டுத்தனமும் சேர்ந்துகொள்கிறது. 2021 முதல் ஒவ்வோர் அணிக்கும் வழக்கமான சீசனில் 17 ஆட்டங்கள். நூற்று முப்பது, நூற்று நாற்பது கிலோ எடையுள்ளவர்கள் ஓர் ஆட்டத்தில் அறுபது எழுபது தடவை மோதிக்கொள்கிறார்கள். செப்டம்பரில் இறங்கிய 22 பேரும் ஜனவரியில் அப்படியே இருக்கப்போவதில்லை என்பது எல்லா கோச்களுக்கும் தெரியும். யார் போவார்கள், எப்போது போவார்கள் என்பதுதான் தெரியாது.

90 பேரிலிருந்து 53

கோடைக்காலத்தில் ஓர் அணியிடம் 90 பேர் வரை இருக்கலாம். ஆகஸ்ட் கடைசியில், சீசன் தொடங்கும் முன், அதை 53 ஆகக் குறைக்க வேண்டும். 2023 முதல் இது ஒரே நாளில் முடிகிறது. 32 அணிகளும் சேர்த்துக் கணக்கிட்டால் அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழக்கிறார்கள். ஃபுட்பாலை நேசிக்கிற எனக்கு வருடத்தில் மிகவும் கனமாக இருக்கும் நாள் அது.

வெட்டப்பட்டவர்களின் கதை அத்தோடு முடிவதில்லை. நான்கு சீசனுக்குக் குறைவான அனுபவம் உள்ளவர்கள் 'வெய்வர்ஸ்' என்ற பட்டியலுக்குப் போவார்கள். மற்ற அணிகள் அவர்களைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். போன வருடம் மோசமாக ஆடிய அணிக்கு முதல் உரிமை. யாரும் கேட்கவில்லை என்றால் பழைய அணியே அவரை 'பிராக்டிஸ் ஸ்குவாட்' என்ற பயிற்சிக் குழுவில் சேர்த்துக்கொள்ள முடியும். அதில் 16 பேர். அவர்கள் தினமும் அணியோடு பயிற்சி செய்வார்கள், கூட்டங்களில் உட்காருவார்கள், ஆனால் 53-இல் சேர மாட்டார்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அந்த 16 பேரில் இரண்டு பேர் வரை தற்காலிகமாக மேலே கொண்டுவரலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பயிற்சிக் குழுவில் இருப்பவரை வேறோர் அணி வந்து தன் 53-இல் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னால், அவர் போய்விடலாம். வாரத்துக்கு நான்கு பேரை மட்டும் இப்படித் தூக்கிப் போகாமல் காப்பாற்றிக்கொள்ளலாம். ஆக, இளம் ஆட்டக்காரர் ஒருவரைப் பிடித்திருந்தால் மேலாளர் முன் இருக்கும் கேள்வி கடினமானது. இன்று உபயோகம் இல்லாத அவருக்கு 53-இல் ஓர் இடத்தைக் கொடுப்பதா, அல்லது யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நம்பி வெட்டிவிட்டு மறுநாள் பயிற்சிக் குழுவில் சேர்ப்பதா?

ஈகிள்ஸ் கதையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 2017 செப்டம்பரில் அவர்களுடைய கிக்கர் காயமடைந்ததும், சின்சினாட்டி பெங்கால்ஸின் பயிற்சிக் குழுவில் இருந்த ஜேக் எலியட் என்ற புதுமுகத்தை எடுத்தார்கள். அந்த மாதமே நியூ யார்க் ஜயன்ட்ஸுக்கு எதிராக 61 யார்டு தூரத்திலிருந்து கடைசி நொடியில் உதைத்து அணியை ஜெயிக்க வைத்தார். சூப்பர் பவுலின் கடைசிக் கட்டத்தில் 46 யார்டிலிருந்து மூன்று புள்ளிகள் சேர்த்ததும் அவர்தான். சின்சினாட்டி அவரை வேறொரு கிக்கருக்காக வெட்டியிருந்தது.

53 பேர் இருந்தாலும் ஆட்ட நாளில் எல்லோரும் இறங்க முடியாது. 48 பேர்தான் உடை மாற்றலாம், அதுவும் அவர்களில் எட்டுப் பேராவது குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையான அஃபென்சிவ் லைனைச் சேர்ந்தவர்களாக இருந்தால், இல்லாவிட்டால் 47. ஆட்டம் தொடங்குவதற்கு 90 நிமிடம் முன்பு யாரெல்லாம் இறங்கவில்லை என்று அணி அறிவிக்கும்.

சரி, இந்த எண்ணிக்கைக்குள் எல்லா இடத்துக்கும் மாற்று ஆள் எப்படி வைப்பது? 22 இடத்துக்கும் இரண்டிரண்டு பேர் என்றாலே 44. அதோடு கிக்கர், பந்தைத் தூரமாக உதைத்து எதிரணியிடம் விடும் பன்டர், உதைப்பதற்காகப் பந்தைப் பின்னால் தள்ளும் லாங் ஸ்னாப்பர் என்று மூன்று பேர். அந்த மூவருக்கும் பெரும்பாலும் தனி மாற்று கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் கணக்கு சரியாக வருவதுபோல் தெரிகிறது. ஆனால் நிஜத்தில் எந்த அணியும் இடத்துக்கு இரண்டு பேர் என்று வைப்பதில்லை. தடுப்பாட்டத்தின் முன்வரிசையான டிஃபென்சிவ் லைனில் எட்டு ஒன்பது பேரை மாற்றி மாற்றி இறக்குவார்கள். அங்கே களைப்புதான் முதல் எதிரி. அதற்கான இடத்தை வேறெங்காவது மிச்சம் பிடித்தாக வேண்டும்.

பெரும்பாலும் மிச்சம் பிடிப்பது அஃபென்சிவ் லைனில். இறங்குகிற ஐந்து பேருக்கு மாற்றாக ஆட்ட நாளில் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். அப்படியானால் ஒருவர் நடுவில் நின்று பந்தைப் பின்னால் தரும் சென்டராகவும், அவருக்குப் பக்கத்து இடமான கார்டாகவும் ஆடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இன்னொருவர் வரிசையின் இரு ஓரங்களில் இடது, வலது என்று இரண்டு டேக்கிள் இடத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவரை 'ஸ்விங் டேக்கிள்' என்பார்கள். வலது பக்கம் ஆடியவர் இடது பக்கம் வந்தால் நிற்கிற நிலை, முதலில் பின்வாங்குகிற கால், முதலில் நீட்டுகிற கை எல்லாமே தலைகீழாகும். உடம்பு பழகிய ஒன்றை மாற்றுவது மாதக்கணக்கில் எடுக்கும் வேலை, ஆனால் ஆட்டத்தின் நடுவில் அதற்குக் கிடைப்பது இரண்டு நிமிடம்.

கடைசி பத்து இடங்கள்

53 பேரில் கடைசி பத்துப் பன்னிரண்டு இடங்களைத் தீர்மானிப்பது ஸ்பெஷல் டீம்ஸ். ஆட்டத்தைத் தொடங்கும் உதையான கிக்ஆஃப், பன்ட், அவற்றைத் திருப்பி ஓடும் குழுக்கள், உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஃபீல்ட் கோல், அதைத் தடுக்கும் குழு என்று ஆறு குழுக்கள் உண்டு. முக்கிய ஆட்டக்காரர்களை இதில் அதிகம் இறக்க மாட்டார்கள். ஆகவே பாஸ் பிடிக்கும் ஐந்தாவது ரிசீவராகவோ நான்காவது லைன்பேக்கராகவோ இடம்பிடிக்க ஆசைப்படுபவர், முதலில் இந்தக் குழுக்களில் மூன்று நான்கில் ஆடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ரிசீவராகக் கொஞ்சம் கூடுதல் திறமை இருந்தும் எதிராளியை மடக்கிச் சாய்க்கத் தெரியாமல் வெட்டப்பட்டவர்கள் எத்தனையோ பேர். பேட்ரியட்ஸின் மேத்யூ ஸ்லேட்டர் பட்டியலில் ரிசீவர். தன் வாழ்நாளில் வழக்கமான சீசனில் அவர் பிடித்த பாஸ் ஒன்றே ஒன்றுதான். ஆனால் ஸ்பெஷல் டீம்ஸ் ஆட்டத்துக்காகப் பத்து முறை, சீசனின் சிறந்தவர்களைத் தேர்ந்தெடுக்கும் புரோ பவுலுக்குத் தேர்வானார்.

பணமும் இதே வரம்புக்குள்தான். 1994 முதல் என்.எஃப்.எல்.லில் சம்பள உச்சவரம்பு இருக்கிறது. 2024-இல் ஓர் அணிக்கு அது 25 கோடியே 54 லட்சம் டாலர். நட்சத்திரங்களுக்குக் கொடுத்தது போக மிச்சத்தில்தான் மாற்று ஆட்கள். அதனால் மாற்று ஆட்களில் பெரும்பாலானோர், அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சுற்று சுற்றாக எடுக்கும் டிராஃப்டின் பின் சுற்றுகளில் எடுக்கப்பட்ட இளைஞர்களாகவோ, டிராஃப்டிலேயே எடுக்கப்படாதவர்களாகவோ இருப்பார்கள். நல்ல மாற்று குவார்ட்டர்பேக்குக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதுண்டு. 2017-இல் வென்ட்ஸ் தன் முதல் ஒப்பந்தத்திலேயே இருந்தார், சம்பளம் குறைவு. அதனால்தான் ஈகிள்ஸால் ஃபோல்ஸ் போன்ற அனுபவசாலி ஒருவரை அவருக்குப் பின்னால் வைக்க முடிந்தது.

ஆனால் பணத்தைவிட, இடங்களைவிட அரிதான ஒன்று இருக்கிறது. அது பயிற்சி நேரம்.

மாற்று ஆள் பயிற்சியில் என்ன செய்கிறார்?

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் செவ்வாய் விடுமுறை. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாள் பயிற்சி. சனிக்கிழமை ஓட்டமில்லாத லேசான ஒத்திகை. ஆட்டக்காரர் சங்கத்தோடு செய்த ஒப்பந்தப்படி, முழுக் கவசத்தோடு மோதிப் பழகும் பயிற்சி ஒரு சீசனில் 14 முறைதான். மிச்ச நாட்களில் அணிகிற கவசம் குறைவு, மோதலும் குறைவு.

இந்த மூன்று நாளில், வரும் ஞாயிறுக்கான திட்டத்தின் பிளேக்களை ஓட்டிப் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்புகள், அதாவது 'ரெப்ஸ்', கிட்டத்தட்ட எல்லாமே முதல் குவார்ட்டர்பேக்குக்குப் போகும். அவரே முழுத் திட்டத்தையும் ஓட்டிப் பார்க்க நேரம் போதாது. அப்படியானால் இரண்டாமவர் என்ன செய்வார்? அவர் 'ஸ்கவுட் டீம்' என்ற குழுவை நடத்துவார். அடுத்த எதிரணி எப்படி ஆடும் என்பதைத் தன் அணியின் தடுப்பாட்டக்காரர்களுக்கு நடித்துக் காட்டும் குழு அது. உதவி கோச் ஒருவர் எதிரணியின் பிளேயை வரைந்த அட்டையைத் தூக்கிக் காட்டுவார். அதைப் பார்த்து அவர் ஆடுவார்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். வாரம் முழுக்க அவர் ஆடுவது எதிரணியின் ஆட்டம். தன் அணியின் முதல் ரிசீவர் எந்த அடியில் திரும்புவார் என்பது அவர் கைக்குத் தெரியாது. தன் சென்டர் பந்தை எவ்வளவு வேகத்தில் பின்னால் தள்ளுவார் என்பதும் பழக்கமில்லை. ஞாயிறன்று திடீரென்று உள்ளே போனால், 40 நொடிக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் கோச் பிளேயின் பெயரைச் சொல்வார். கடிகாரத்தில் 15 நொடி மிச்சம் இருக்கும்போது அந்த இணைப்பு துண்டிக்கப்படும். அதற்குள் பத்துப் பன்னிரண்டு சொல் நீளமான அந்தப் பெயரைக் கேட்டு, சக ஆட்டக்காரர்களிடம் அப்படியே ஒப்பித்து, எல்லோரையும் வரிசையில் நிறுத்த வேண்டும். அப்புறம் எதிரணி நிற்கும் விதத்தைப் படித்து, வேண்டுமானால் பிளேயை மாற்ற வேண்டும். திறமைக்குக் குறைவில்லாத மாற்று குவார்ட்டர்பேக்குகள்கூட முதலில் தடுமாறுவது எறிவதில் இல்லை, இந்த நொடிகளில்தான்.

நல்ல அணிகள் இதைச் சமாளிக்கச் சில வழிகள் வைத்திருக்கின்றன. முதல் குவார்ட்டர்பேக் ஆடும்போது இரண்டாமவர் சில அடி பின்னால் நின்று அதே பிளேயை மனதுக்குள் ஆடுவார், கால்களையும் அதே மாதிரி நகர்த்துவார். பயிற்சி முடிந்த பிறகு இளம் ரிசீவர்களோடு தங்கி எறிந்து பழகுவார். கோச்சின் ரேடியோவை அவர் காதிலும் வைத்து, ஒவ்வொரு பிளேயின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லச் செய்வார்கள். ஆட்ட நாளில் ஓரத்தில் டேப்லெட்டில் எதிரணி நின்ற படங்களை முதல்வரோடு சேர்ந்து பார்ப்பவரும் அவரே. இவை உதவும். ஆனால் நிஜமான ரெப்ஸுக்கு ஈடாகாது என்பது என் எண்ணம். வாரத்துக்கு ஐந்தாறு பிளேக்களையாவது முதல் அணியோடு இரண்டாமவருக்குக் கொடுக்கிற கோச்சை நான் அதிகம் மதிக்கிறேன். அது அவர் இன்று கொடுக்கிற விலை. பலன் கிடைக்காமலேயே போகலாம்.

அந்த விலையைக் கொடுக்க மனம் வராமல் இருப்பதும் புரிகிறது. குவார்ட்டர்பேக் பேட்டன் மேனிங் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸில் ஒரு பயிற்சியைக்கூட விட்டுக்கொடுக்காதவர் என்று பெயர் வாங்கியவர். வருடக்கணக்கில் ஓர் ஆட்டமும் தவறாமல் இறங்கினார். 2010-இல் அணி 10 ஆட்டங்களில் ஜெயித்தது. 2011-இல் கழுத்து அறுவை சிகிச்சையால் அவர் சீசன் முழுக்க ஆடவில்லை. கெர்ரி காலின்ஸ், கர்டிஸ் பெயின்டர், டான் ஆர்லோவ்ஸ்கி என்று மூவரை மாற்றி மாற்றி இறக்கியும் முதல் 13 ஆட்டங்களில் தோல்வி. கடைசியில் இரண்டே வெற்றி.

ஃபோல்ஸுக்கு என்ன செய்தார்கள்

வென்ட்ஸ் போன அடுத்த வாரம் ஜயன்ட்ஸுக்கு எதிராக ஃபோல்ஸ் நான்கு டச்டவுன் பாஸ் எறிந்தார். எல்லாம் நன்றாகப் போவதுபோல் இருந்தது. ஆனால் கிறிஸ்துமஸ் அன்று ஓக்லண்ட் ரெய்டர்ஸுக்கு எதிராகத் திணறினார். சீசனின் கடைசி ஆட்டத்தில் டல்லஸுக்கு எதிராகக் கொஞ்ச நேரமே ஆடினார். 11 முறை எறிந்து நான்குதான் சேர்ந்தது. அணி 6-0 என்று தோற்றது. பிளே ஆஃப் வரும் நேரத்தில் ஃபிலடெல்ஃபியா நகரமே கையைப் பிசைந்துகொண்டிருந்தது.

முதலிடம் பிடித்திருந்ததால் அவர்களுக்கு ஒரு வாரம் ஓய்வு கிடைத்தது. தலைமைக் கோச் டக் பீடர்சனும் அஃபென்ஸ் கோச் ஃபிராங்க் ரைக்கும் செய்த வேலையைத்தான் நான் இந்தக் கட்டுரையின் மையமாக நினைக்கிறேன். வென்ட்ஸ் கால்களால் தப்பித்து, லைன்காரர்கள் தன்னைச் சுற்றி அமைக்கும் பாதுகாப்பான 'பாக்கெட்டுக்கு' வெளியே ஓடி ஆடுபவர். ஃபோல்ஸ் அப்படியல்ல, நின்று எறிபவர், தாளம் கிடைத்தால் அசத்துவார். 2013-இல் இதே ஈகிள்ஸில் 27 டச்டவுன், எதிரணி பிடித்துவிட்ட எறிவான இன்டர்செப்ஷன் வெறும் இரண்டு என்று ஆடியவர். அந்தப் பழைய வீடியோக்களை எடுத்துப் பார்த்து, அவருக்கு எது வசதியாக இருந்தது என்று தேடினார்கள். ஆர்.பி.ஓ. (ரன்-பாஸ் ஆப்ஷன்) எனப்படும் பிளேக்களை அதிகமாக்கினார்கள். அதில் பந்து கைக்கு வந்த பிறகு எதிரணியின் ஒரே ஒரு ஆட்டக்காரரைக் கவனித்தால் போதும். அவர் ஓட்டக்காரரை நோக்கி வந்தால் எறியலாம், பின்வாங்கினால் ஓட்டக்காரரிடம் கொடுக்கலாம். முடிவு எளிது, பந்து சீக்கிரம் கையை விட்டுப் போகும்.

அதாவது, இரண்டாமவரை முதல்வரின் திட்டத்துக்குள் திணிக்கவில்லை. திட்டத்தையே இரண்டாமவருக்காக வளைத்தார்கள். விளைவு உடனே வரவில்லை. அட்லாண்டாவோடு 15-10 என்று தட்டுத் தடுமாறித்தான் ஜெயித்தார்கள். அடுத்தது மினசோட்டா வைக்கிங்ஸ், அந்த வருடம் மிகக் குறைந்த புள்ளிகள் கொடுத்த தடுப்பாட்டம். அவர்களுக்கு எதிராக ஃபோல்ஸ் 33-இல் 26 பாஸ் சேர்த்து 352 யார்டு எடுத்தார். 38-7. அந்த வைக்கிங்ஸின் குவார்ட்டர்பேக் கேஸ் கீனமும் மாற்று ஆளாக சீசனைத் தொடங்கியவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சூப்பர் பவுலில் ஃபோல்ஸ் 373 யார்டு எறிந்தார். முதல் பாதி முடிய சில நொடிகளே இருக்க, கோல் கோட்டுக்கு ஒரு யார்டு முன்னால் நான்காவது டவுன், அதாவது கடைசி வாய்ப்பு. டைம்அவுட்டில் ஃபோல்ஸ் ஓரத்துக்கு நடந்துபோய் எதிரணியை ஏமாற்றும் ஒரு வித்தைப் பிளேயைத் தானே கேட்டார். பீடர்சன் சரி என்றார். கோரி கிளெமென்ட் பந்தை வாங்கி டிரே பர்ட்டனிடம் கொடுக்க, பர்ட்டன் எறிய, குவார்ட்டர்பேக் ஃபோல்ஸ் பிடித்து டச்டவுன். மாற்று ஆள் ஒருவர் தலைமைக் கோச்சிடம் இப்படி உரிமையோடு கேட்கிறார், கோச் நம்பிக் கொடுக்கிறார். ஃபுட்பாலில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது.

பீடர்சனும் ரைக்கும் அவரைப் புரிந்துகொண்டதில் ஆச்சரியமில்லை. இருவருமே பெரும்பாலும் மாற்று குவார்ட்டர்பேக்காகத் தங்கள் ஆட்டக் காலத்தைக் கழித்தவர்கள். பீடர்சன் கிரீன் பேயில் பிரெட் ஃபாவ்ருக்குப் பின்னால் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர். ரைக் 1993 ஜனவரியில், காயம்பட்ட ஜிம் கெல்லிக்குப் பதிலாக பஃபலோவுக்காக இறங்கி, 35-3 என்று பின்தங்கிய ஆட்டத்தை 41-38 என்று ஜெயித்துக் கொடுத்தவர். ஹூஸ்டனுக்கு எதிரான அந்த மீட்சி 2022 டிசம்பர் வரை என்.எஃப்.எல். சாதனையாக நின்றது.

எல்லோரும் ஃபோல்ஸைப் பற்றியே பேசுகிறார்கள். அவருடைய இடது பக்கத்தைக் காத்தவரைப் பேசுவோர் குறைவு. அக்டோபரில் அனுபவசாலி ஜேசன் பீட்டர்ஸ் காயம்பட்டதும் இடது டேக்கிளில் இறங்கியவர் ஹலபூலிவாட்டி வைட்டை. 2016-இல் ஐந்தாவது சுற்றில் எடுக்கப்பட்டவர். அந்த முதல் வருடமே லேன் ஜான்சன் தடை செய்யப்பட்டிருந்தபோது வலது டேக்கிளில் இறக்கப்பட்டு, முதல் ஆட்டத்தில் நன்றாக அடி வாங்கினார். அந்த அனுபவமும், லைன் கோச் ஜெஃப் ஸ்டவுட்லண்டின் உழைப்பும்தான் 2017-இல் பலன் கொடுத்தன. சூப்பர் பவுலில் ஃபோல்ஸை ஒருமுறைகூட எதிரணி சாய்க்கவில்லை. பந்தைக் கையாண்ட அந்த கோரி கிளெமென்ட்டும் டிராஃப்டில் யாரும் எடுக்காத புதுமுகம். அந்த ஆட்டத்தில் 100 யார்டு பிடித்தார்.

எவ்வளவு இருந்தாலும் போதாத நாள்

சான் ஃபிரான்சிஸ்கோ 49ers எல்லாவற்றையும் சரியாகச் செய்த அணி என்று சொல்வேன். 2022 சீசனுக்கு டிரே லான்ஸ் முதல் குவார்ட்டர்பேக். முந்தைய வருடத்து முதல்வர் ஜிமி கரோப்பலோவைச் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி இரண்டாமவராக வைத்துக்கொண்டார்கள். டிராஃப்டின் கடைசி ஆளாக, 262-ஆவதாக எடுத்த பிராக் பர்டியை வெய்வர்ஸில் யாராவது தூக்கிவிடுவார்கள் என்று அஞ்சி 53-இலேயே வைத்தார்கள். அவருக்காக, உத்தரவாதப் பணம் கொடுத்துச் சேர்த்திருந்த நேட் சட்ஃபெல்டை வெட்டினார்கள்.

லான்ஸுக்கு இரண்டாவது வாரமே கணுக்கால் போனது. டிசம்பரில் கரோப்பலோவுக்குப் பாத எலும்பு முறிந்தது. பர்டி வந்தார், தொடர்ந்து ஜெயித்தார். நான்காவது ஆளாக டென்வரின் பயிற்சிக் குழுவிலிருந்து ஜாஷ் ஜான்சனை எடுத்தார்கள். பல அணிகளில் சுற்றி வந்த அனுபவசாலி. 2023 ஜனவரி 29 அன்று, சூப்பர் பவுலுக்கு ஒரு படி முன்னால், ஃபிலடெல்ஃபியாவில் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே பர்டியின் எறிகிற கையில் முழங்கை ஜவ்வு கிழிந்தது. மூன்றாவது பகுதியில் ஜான்சனுக்குத் தலையில் அடிபட்டு, மூளை அதிர்ச்சியால் வெளியேறினார். வேறு வழியில்லாமல் எறிய முடியாத பர்டியையே திரும்ப இறக்கினார்கள். 31-7 என்று தோல்வி.

1991 முதல் 2010 வரை ஓர் அவசரகால மூன்றாவது குவார்ட்டர்பேக்கைக் கணக்கில் சேராமல் வைத்துக்கொள்ள விதி இருந்தது. 2011-இல் அதை எடுத்துவிட்டார்கள். இந்த ஆட்டத்துக்குப் பிறகு 2023-இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மற்ற இருவரும் காயத்தாலோ ஆட்டத்திலிருந்து நீக்கப்பட்டோ வெளியேறினால் மட்டுமே அவர் இறங்கலாம்.

இதைவிடக் கொடுமையான நிலை டென்வருக்கு 2020 நவம்பர் 29 அன்று வந்தது. கோவிட் விதிகளால் அவர்களுடைய குவார்ட்டர்பேக்குகள் ஒருவர்கூட ஆட முடியாமல் போனது. கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக இருந்த, பயிற்சிக் குழுவில் ரிசீவராக இருந்த கென்டல் ஹின்டனை ஒரே நாள் அவகாசத்தில் இறக்கினார்கள். ஒன்பது எறிந்து ஒன்று சேர்ந்தது. 31-3 தோல்வி. ஆனால் அவர் இறங்கினார். அந்த ஸ்கோரைக் காட்டி அவரைக் கேலி செய்பவர்களை என்னால் ஏற்க முடியாது. அதற்கு முன் ஒரு ரெப்கூட அவருக்குக் கிடைத்ததில்லை.

வேறு வகையான வரம்பும் உண்டு. 2024-இல் டெட்ராய்ட் லயன்ஸ் 15-2 என்று ஆடியது. அக்டோபரில் எய்டன் ஹட்சின்சன் காலை முறித்துக்கொண்டதில் தொடங்கி, தடுப்பாட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் காயப் பட்டியலுக்குப் போனார்கள். மாற்று ஆட்கள் வாராவாரம் சமாளித்தார்கள். கடைசியில் பிளே ஆஃபின் முதல் ஆட்டத்திலேயே வாஷிங்டனிடம் 45 புள்ளிகள் கொடுத்துத் தோற்றார்கள். ஓர் இடத்தில் ஓட்டை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் மறைப்பார். அந்தப் பக்கத்து ஆளும் மாற்று ஆளாக இருந்தால் யார் மறைப்பது? டெப்த் என்பதைத் தலைக்கணக்காகப் பார்க்கும் ரசிகர்கள் தவறவிடுவது இதைத்தான்.

புதிதாகப் பார்ப்பவர்கள் இதையெல்லாம் எங்கே கவனிக்கலாம்? ஒவ்வோர் அணியும் 'டெப்த் சார்ட்' வெளியிடும். இடவாரியாக முதல், இரண்டாம், மூன்றாம் ஆள். அதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே பெயர் இரண்டு மூன்று இடத்தில் வருகிறதா என்று பாருங்கள். அவர்தான் அணிக்கு இடம் மிச்சம் பிடித்துக் கொடுப்பவர். ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு வரும் பட்டியலில் எத்தனை லைன்காரர்கள் இறங்குகிறார்கள் என்று எண்ணுங்கள். கிக்ஆஃபில் முதலில் ஓடிப்போய் மோதுபவர்களின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆகஸ்டில் நடக்கும் மூன்று முன்னோட்ட ஆட்டங்களின் இரண்டாம் பாதியைத் தவறவிடாதீர்கள். நட்சத்திரங்கள் தொப்பி போட்டு ஓரத்தில் நிற்பார்கள், அரங்கு பாதி காலியாகியிருக்கும். களத்தில் ஓடுபவர்கள்தான் அந்த 53-இன் கடைசி இடங்களுக்குப் போட்டி போடுகிறவர்கள்.